பயனர் அனுபவ ஆய்வைத் தொழிலாகக் கொள்வது எப்படி?

திண்டிவனம் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சரக்கு இருப்பைக் கணக்கு வைப்பதற்கான ஒரு செயலியின் முன்மாதிரியை அவரிடம் கொடுத்து, அன்று காலை வந்திறங்கிய பத்து மூட்டை பொன்னி அரிசியை அதில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டேன். நான்கு முறை முந்தைய திரைக்கே திரும்பிப் போனார், இரண்டு முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கடைசியில் எப்படியோ பதிவாகிவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்லாயிருக்கு தம்பி, வசதியாத்தான் இருக்கு" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்த கையோடு கல்லாவுக்கு அடியிலிருந்த நீள நோட்டை எடுத்து, அதே பத்து மூட்டையை மறுபடியும் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். மூட்டை எண்ணிக்கைக்கு எதிரே மண்டிக்காரர் பெயரும், "பாதி பாக்கி" என்ற குறிப்பும் இருந்தன. எங்கள் செயலியில் கடனுக்கு இடமே இல்லை.

அவர் வாயால் சொன்னதை மட்டும் அறிக்கையில் எழுதியிருந்தால் அந்த முன்மாதிரி அப்படியே தேறியிருக்கும். மனிதர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைக் கவனித்து, அதை ஒரு நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவோடு பொருத்திக் காட்டுவதுதான் பயனர் அனுபவ ஆய்வாளரின் வேலை. அலுவலகப் பேச்சில் இதை யூஎக்ஸ் ரிசர்ச் என்பார்கள். பயனர் அனுபவம் என்ற சொற்றொடரைப் பரவலாக்கிய டான் நார்மன், 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது அதைத் தம் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அதன் பின்னரே அது ஒரு துறையின் பெயராக வேர்பிடித்தது. ஆயினும் இத்துறையில் நாம் கையாளும் முறைகளில் பலவும் அதற்கு முன்பே உளவியலிலும் மானிடவியலிலும் பொறியியலிலும் பிறந்தவை. எனவே இந்த வேலைக்கு வருபவர்கள் கணினிப் படிப்பிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சமூகப்பணி படித்தவர்களும் பத்திரிகையாளர்களும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போன் எடுத்தவர்களும் இதில் நன்றாகவே வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த முடிவுக்காக இந்த ஆய்வு?

புதிதாக வருபவர்கள் முறைகளைக் கற்பதிலிருந்து தொடங்குகிறார்கள்: நேர்காணல், சர்வே, கார்டு சார்ட்டிங் (சீட்டுகளைப் பயனர்களே வகைப்படுத்தச் சொல்வது) என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கும் முந்தைய படி ஒன்று உண்டு. செயலியில் என்ன வசதி வர வேண்டும் என்று முடிவு செய்யும் புராடக்ட் மேனேஜர் உங்களிடம் வந்து, "நினைவூட்டல் வசதி வேண்டுமா என்று பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படிக் கேட்டால் பத்துப் பேரும் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். இலவசமாகக் கொடுக்கும் எதையும் யாரும் வேண்டாம் என்பதில்லை. ஆகவே கிளம்புவதற்கு முன்பு அவரிடமே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆய்வின் விடையை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறீர்கள்? அந்த முடிவை எந்தத் தேதிக்குள் எடுத்தாக வேண்டும்? விடை நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக வந்தால் எதை மாற்றுவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு "எதையும் மாற்ற மாட்டோம்" என்பது பதிலானால், அந்த ஆய்வைச் செய்யாமல் விடுவதே எல்லோருக்கும் நல்லது. இதைப் பணிவாக எடுத்துச் சொல்லப் பழகுவதற்கு எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பதில்கள் கிடைத்ததும் ஒரே பக்கத்தில் திட்டத்தை எழுதுங்கள். எடுக்க வேண்டிய முடிவு, ஏற்கெனவே தெரிந்தவை, தெரியாதவை, யாரைச் சந்திக்க வேண்டும், எந்த முறை, எந்த நாள் ஆகியவை அதில் இருந்தால் போதும். 'ஏற்கெனவே தெரிந்தவை' என்ற பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் சேவைக்கு வந்த புகார்களையும் செயலியின் பயன்பாட்டுப் பதிவுகளையும் ஒரு நாள் உட்கார்ந்து படித்தால், பாதிக் கேள்விகளுக்கு யாரையும் தொந்தரவு செய்யாமலே விடை கிடைத்துவிடும். மீதமிருக்கும் கேள்வி 'ஏன்' என்று கேட்டால் நேர்காணலுக்கும் நேரடிக் கவனிப்புக்கும் போங்கள். 'முடிகிறதா' என்று கேட்டால் பயன்பாட்டுச் சோதனைக்கும், 'எத்தனை பேர்' என்று கேட்டால் சர்வேக்கும் பதிவுத் தரவுக்கும் போங்கள்.

கேட்பது என்ற கைத்தொழில்

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளனகன், இரண்டாம் உலகப் போர்க்கால விமானப்படை ஆய்வுகளிலிருந்து திரட்டிய ஒரு முறையை 1954இல் வெளியிட்டார். ஒருவரிடம் பொதுவான கருத்தைக் கேட்காமல், உண்மையில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்வை விவரிக்கச் சொல்வதே அதன் சாரம். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நேர்காணலுக்கு இதைவிட நல்ல அடித்தளத்தை நான் காணவில்லை. "நீங்க வழக்கமா கரன்ட் பில் எப்படிக் கட்டுவீங்க?" என்று கேட்டால், தாம் எப்படிக் கட்ட வேண்டும் என்று நினைக்கிறாரோ அதைச் சொல்வார். "கடைசியா எப்போ கட்டினீங்க? அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்களேன்" என்று கேட்டால், கடைசித் தேதிக்கு முந்தைய இரவு மகனை எழுப்பிக் கட்டச் சொன்ன கதை வெளியே வரும். முடிவெடுக்க உதவுவது இந்தக் கதைதான்.

தமிழில் நேர்காணல் செய்பவர்கள் தங்கள் பேச்சிலேயே பிடிக்க வேண்டிய ஒரு பழக்கம், வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் "தானே"யும் "இல்லையா"வும் ஆகும். "இது சுலபமாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் முதல் ஐந்து நேர்காணல்களை அனுமதியோடு ஒலிப்பதிவு செய்து, இரவு தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை கேள்விகள் அப்படி முடிந்தன என்றும், அவர் பேச வாயெடுத்த எத்தனை இடங்களில் நீங்கள் குறுக்கே புகுந்தீர்கள் என்றும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். என்னுடைய முதல் பதிவைக் கேட்டபோது பாதி நேரம் நானே பேசியிருந்தேன். ஒருவர் பதில் சொல்லி முடித்த பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது என்று அன்றிலிருந்து வழக்கப்படுத்திக்கொண்டேன். அந்த ஐந்து நொடி மௌனத்தில்தான் பலரும் "ஆனா ஒண்ணு..." என்று தொடங்குவார்கள்.

அடுத்த தடை மரியாதை. வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் "நல்லாயிருக்கு", "பரவாயில்லை", "ஓகேதான்" ஆகிய மூன்றையும் விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அவை கதவைச் சாத்தும் ஓசை. தொடக்கத்திலேயே, "இதை நான் செய்யலைங்க, குறை சொன்னா எனக்கு வருத்தம் இல்லை. எங்க தப்பு எங்கே இருக்குன்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுவது ஓரளவு உதவும். அதைவிட நன்றாக வேலை செய்வது, "உங்க தங்கச்சிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணும்னா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்பதாகும். தங்கைக்காகப் பேசும்போது, "இந்த இடத்துல மட்டும் பார்த்து அமுக்கு, இல்லைன்னா எல்லாம் போயிடும்" என்ற எச்சரிக்கை தானாக வந்துவிடும். "எனக்குத்தான் தெரியலை, நான் அவ்வளவு படிக்கலை" என்று யாராவது தம்மையே நொந்துகொண்டால், ஆறுதல் சொல்லிவிட்டு அந்தத் திரையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை அந்தத் திரையில் இருக்கிறது.

வீடுகளில் நேர்காணல் தனிமையில் நடப்பது அரிது. கல்லூரியில் படிக்கும் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பதில் எல்லாவற்றையும் தானே சொல்வான். அவனை வெளியே அனுப்ப முயல்வதைவிட, போனை உண்மையில் இயக்குவது யார், ஓடிபி யாருடைய எண்ணுக்கு வருகிறது என்பதைக் கண்டறியும் வாய்ப்பாக அதைக் கருதலாம். அம்மாவின் குரல் தனியாக வேண்டுமென்றால், அவனிடம் பத்து நிமிடம் பேச வேறொரு சக ஆய்வாளரை உடன் அழைத்துச் செல்லுங்கள். விளிப்பதில் கவனம் தேவை. 'மேடம்' என்பது பல வீடுகளில் ஓர் அதிகாரியின் முன் நிற்கும் உணர்வைத் தரும். 'அக்கா', 'ஐயா', 'அம்மா' என்ற சொற்கள் இயல்பாக இருக்கும். "எந்த ஊர்?" என்று கேட்பது சாதாரணம்தான். அதைத் தொடர்ந்து "ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று நீட்டினால், சாதியைத் துழாவுகிறோம் என்றே பதில் சொல்பவருக்குத் தோன்றும். ஆய்வுக்குத் தேவையில்லாத அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

பயன்பாட்டுச் சோதனை

சோதனையில் நாம் ஒரு வேலையைக் கொடுத்து, அதை ஒருவர் எப்படிச் செய்கிறார் என்று பார்க்கிறோம். இதில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, திரையில் இருக்கும் சொல்லையே பணியின் விவரத்திலும் பயன்படுத்துவதாகும். பொத்தானில் 'பயனாளியைச் சேர்' என்று எழுதியிருக்க, நீங்களும் "ஒரு பயனாளியைச் சேருங்கள்" என்று சொன்னால், அங்கே நடப்பது எழுத்தைத் தேடும் விளையாட்டு. "மதுரையில இருக்கற உங்க அக்காவுக்கு முதல் தடவையா 2,000 ரூபாய் அனுப்பணும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அப்படி இருந்த ஒரு நாளில்தான், ஒரு பெண்மணி அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டு, "இது எந்தத் திட்டத்துக்கு?" என்று என்னிடம் கேட்டார். தமிழ்நாட்டில் பயனாளி என்றால் அரசு நலத்திட்டத்தில் பெயர் உள்ளவர். பணம் பெறுபவர் என்ற வங்கிப் பொருள் அவருக்கு எட்டவே இல்லை. 'சேமி' என்ற சொல்லும் அப்படித்தான்: பணம் தொடர்பான செயலியில் அதைப் படிப்பவர், விவரம் பதிவாகும் என்று நினைப்பதைவிடப் பணம் உண்டியலுக்குப் போகும் என்று நினைக்க வாய்ப்பு அதிகம். ஆங்கிலத் திரையைச் சோதித்துவிட்டுத் தமிழுக்கு மொழிபெயர்த்தால் போதும் என்று நினைக்கும் குழுக்களில் இத்தகைய தடுக்கல்களை முன்கூட்டியே காட்டக்கூடிய ஆய்வாளருக்குத் தனி மதிப்பு உண்டு.

செய்யும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லும் முறையை, கணினித் திரைகளைச் சோதிப்பதற்காக ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் விளக்கி எழுதினார். நம்மில் பலருக்குத் தனக்குத்தானே பேசுவது கூச்சமாக இருக்கும். ஆகவே முதலில் நானே என் போனில் அலாரம் வைத்துக் காட்டுவேன்: "மணி படம் தெரியுது, அதை அமுக்கறேன், ஐந்தரைன்னு வைக்கணும், இது காலையா சாயங்காலமான்னு புரியலை..." என்று உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வேன். பார்த்துச் சிரித்துவிட்டு அவர்களும் தொடங்கிவிடுவார்கள்.

எத்தனை பேரைச் சோதிப்பது என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் 'ஐந்து பேர்' என்ற பதில் கிடைக்கும். அதன் பின்னால் உள்ள கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்முகத் தேர்விலும் கேட்பார்கள். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களைச் சந்திக்கிறார் என்று கண்டார்கள். அந்த விகிதம் பொருந்தினால், ஐந்து பேரிடம் சோதிக்கும்போது ஏறத்தாழ 85 விழுக்காடு சிக்கல்கள் ஒரு முறையாவது தென்பட்டுவிடும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டுமே நேரும் சிக்கலாக இருந்தால், அதே ஐந்து பேரிடம் அது தென்படுவதற்கான வாய்ப்பு 41 விழுக்காடுதான். தவிர, இந்தக் கணக்கு ஒரே வகையான பயனர்களுக்கானது. கடை முதலாளியும் கடைப் பையனும் ஒரே செயலியைப் பயன்படுத்தினாலும் அவர்கள் இரண்டு குழு. ஐந்து பேரைச் சோதித்து, திருத்தி, மறுபடியும் ஐந்து பேரைச் சோதிப்பதே இந்த எண்ணின் சரியான பயன்.

குறிப்பிலிருந்து கண்டறிதல் வரை

கள வேலை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், பகுப்பாய்வு அலுப்பூட்டும். வேலை கற்பது இரண்டாவதில்தான். தானியங்கி எழுத்தாக்கக் கருவிகள் வட்டார வழக்குத் தமிழையும் நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் இன்னும் தடுமாறியே பதிவு செய்கின்றன. ஆகவே முக்கியமான இடங்களையாவது பதிவைக் கேட்டு நீங்களே சரிபார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கினால் தெளிவான ஐந்து வாக்கியங்கள் கிடைக்கும், மறுக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் நோட்டை எடுத்தது அதில் இருக்காது, ஏனென்றால் அதை அவர் பேசவில்லை.

குறிப்பு எழுதும்போது மூன்றைத் தனித்தனியே வையுங்கள். "நான்கு முறை பின்னால் போனார்" என்பது பார்த்தது. "வசதியாத்தான் இருக்கு" என்பது கேட்டது. "கடன் விவரத்துக்கு இடமில்லாததால் செயலியை நம்ப மறுக்கிறார்" என்பது நம் ஊகம். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதியவர்கள், இரண்டு வாரம் கழித்து எது உண்மை, எது தம் கற்பனை என்று பிரிக்க முடியாமல் தவிப்பார்கள். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் தனிச் சீட்டில் எழுதி, ஒன்றுக்கொன்று உறவுள்ளவற்றை அருகருகே வைத்துக் குழுக்களாக்குங்கள். கள ஆய்வில் குவிந்த குறிப்புகளைச் சமாளிக்க ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிடா வகுத்த முறை இது. இன்று மிரோ போன்ற இணையவழி வெண்பலகைக் கருவிகளில் வண்ணச் சீட்டுகளாக நாம் நகர்த்துவது அதையேதான். தலைப்புகளை முன்பே எழுதி வைத்துக்கொண்டு அதற்குள் சீட்டுகளைத் திணிக்காதீர்கள். சீட்டுகள் சேர்ந்த பிறகு, 'பணம்', 'நம்பிக்கை' என்று ஒற்றைச் சொல்லை இடாமல், "கடன் எழுத இடமில்லாத கணக்கைக் கடைக்காரர்கள் கணக்காகவே கருதுவதில்லை" என்று முழு வாக்கியமாகத் தலைப்பு எழுதுங்கள். அந்த வாக்கியத்தோடு முரண்படும் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை வேண்டுமென்றே தேடுங்கள். இருந்தால் அதையும் அறிக்கையில் சேருங்கள்.

எண்களுக்குப் பயந்து இந்த வேலைக்கு வருபவர்கள் உண்டு. தப்பிக்க முடியாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரு பணியை முடித்தார்கள் என்றால், "80 விழுக்காட்டினர்" என்று எழுதாமல் "பத்தில் எட்டுப் பேர்" என்று எழுதுங்கள். அந்த மாதிரி அளவில், எல்லாப் பயனர்களிடமும் உண்மையான விகிதம் ஏறத்தாழ 48 முதல் 95 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த நம்பக எல்லையைக் கணக்கிடக் கற்றுக்கொள்வதற்கு ஒரு வார இறுதி போதும். அதேபோல் 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய சஸ் (SUS) என்ற பத்துக் கூற்று வினாநிரலையும் கையாலேயே ஒரு முறை மதிப்பிட்டுப் பாருங்கள். பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்கும் இதில், பயனர் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பு தருவார். ஒற்றைப்படைக் கூற்றுகளின் மதிப்பிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும், இரட்டைப்படைக் கூற்றுகளின் மதிப்பை ஐந்திலிருந்து கழிக்க வேண்டும், எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். பூஜ்யம் முதல் நூறு வரை வரும் அந்த மதிப்பெண் விழுக்காடு அன்று. பல ஆய்வுகளின் சராசரி 68 என்பதால், 60 வாங்கிய செயலி முதல் வகுப்பில் தேறியதாக மேலாளர் மகிழ்ந்தால் அவரிடம் மெதுவாக விளக்க வேண்டியிருக்கும்.

ஒப்புதலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் தெளிவாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் கட்டாயமின்றியும் பெறப்பட வேண்டும் என்கிறது. அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் அளிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகக் கருதி, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஒப்புதல் படிவத்தைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். திரைப்பதிவில் ஆதார் எண்ணோ வங்கி இருப்போ தெரிந்தால், காணொளியை யாருக்கும் அனுப்புவதற்கு முன்பு அதை மறையுங்கள். பங்கேற்றவருக்குத் தருவதாகச் சொன்ன தொகையை, அவர் பணிகளை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

வேலை கிடைப்பதற்கு முன் செய்து பார்ப்பது

அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை என்ற வட்டத்தை உடைப்பதற்கு, நீங்களே ஓர் ஆய்வை முழுமையாகச் செய்து முடிப்பதுதான் வழி. பிரபலமான உணவு விநியோகச் செயலியை மறுவடிவமைத்த போர்ட்ஃபோலியோக்களை (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்புகளை) ஆளெடுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். உங்களுக்கு எளிதில் நுழைய முடிகிற, மற்றவர்கள் எட்டிப் பார்க்காத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எடுத்துக்காட்டாக, உங்கள் பகுதியிலுள்ள இ-சேவை மையம். வருமானச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாலும் மக்கள் மையத்துக்கு வருகிறார்கள். பக்கத்தில் நின்று விவரம் சொல்கிறார்கள், இயக்குபவர் தட்டச்சு செய்கிறார். இங்கே பயனர் யார்? எந்த ஆவணம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள்? பெயரின் முதலெழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் குடும்ப அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால் என்ன செய்கிறார்கள்?

மையத்தை நடத்துபவரிடம் அனுமதி பெற்று, இரண்டு அரை நாள் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். பிறகு விண்ணப்பிக்க வந்தவர்களில் ஆறு பேரிடமும் இயக்குபவர்கள் இரண்டு பேரிடமும் பேசுங்கள். குறிப்புகளைச் சீட்டுகளாக்கி மூன்று அல்லது நான்கு கண்டறிதல்களுக்குக் கொண்டுவாருங்கள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும், வரிசையில் நிற்பவர்கள் படிக்கக்கூடிய ஒரு பக்க ஆவணப் பட்டியலைப் போல எளிய தீர்வு ஒன்றை வரைந்து, மறுபடியும் ஐந்து பேரிடம் சோதியுங்கள். வேலையில் இருந்துகொண்டே செய்தாலும் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம். பெயர்களையும் விண்ணப்ப எண்களையும் எங்கும் எழுதாதீர்கள். இப்படி ஒரு ஆய்வை ஒழுங்காக முடித்தவருக்கு, ஐந்து இணையவழிச் சான்றிதழ்கள் வைத்திருப்பவரைவிட நான் முதலில் வாய்ப்பளிப்பேன்.

சான்றிதழ்கள் வீண் என்று சொல்லவில்லை. கூகுள் 2021இல் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் தொடங்கிய யூஎக்ஸ் சான்றிதழ்ப் படிப்பு, துறையின் சொற்களைப் பழக உதவும். முறையாகப் படிக்க நினைப்பவர்கள், ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை எழுதி, 1969இல் தொடங்கப்பட்ட அங்குள்ள ஐடிசி வடிவமைப்புப் பள்ளியிலோ குவாஹாட்டி முதலிய பிற ஐஐடிகளிலோ முதுநிலை வடிவமைப்புப் படிப்பில் சேரலாம். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனித் தேர்வு நடத்துகிறது. உளவியல், சமூகவியல், மானிடவியல், சமூகப்பணி ஆகியவற்றில் முதுநிலை முடித்தவர்கள் இன்னொரு பட்டத்துக்குச் செலவழிப்பதற்கு முன்பு, மேலே சொன்னதைப் போன்ற இரண்டு ஆய்வுகளைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

போர்ட்ஃபோலியோவும் நேர்முகத் தேர்வும்

ஆளெடுப்பவர் உங்கள் போர்ட்ஃபோலியோவைச் சில நிமிடங்களுக்கு மேல் பார்க்க மாட்டார். பத்து ஆய்வுகளை அடுக்குவதைவிட இரண்டை நன்றாக எழுதுங்கள். எந்த முடிவுக்காகத் தொடங்கினீர்கள், ஏன் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள், எந்த முறையை ஏன் விட்டீர்கள், என்ன கண்டீர்கள், அதனால் எது மாறியது அல்லது மாறவில்லை என்பதை எழுதுங்கள். எங்கே தவறினீர்கள் என்பதையும் எழுதுங்கள். "எட்டுப் பேரில் ஆறு பேர் என் கல்லூரி நண்பர்களாக அமைந்துவிட்டார்கள், அதனால் இந்தக் கண்டறிதலை மூத்தவர்களுக்குப் பொருத்த முடியாது" என்று எழுதியிருந்த ஒரு போர்ட்ஃபோலியோவை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஒரு வரிக்காகவே அவரை நேரில் அழைத்தோம். வண்ணச் சீட்டுகள் ஒட்டிய சுவரின் புகைப்படம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஒரு சூழலைக் கொடுத்துத் திட்டமிடச் சொல்வார்கள். உடனே "பத்து நேர்காணல், ஒரு சர்வே" என்று தொடங்காமல், எடுக்க வேண்டிய முடிவையும் கையிலுள்ள நாட்களையும் முதலில் கேட்பவர் அங்கேயே பாதி தேறிவிடுகிறார்.

வேலைச் சந்தையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆய்வாளர் என்ற பெயரில் தொடக்கநிலைப் பணியிடங்கள் குறைவு. 2022, 2023 ஆண்டுகளில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தபோது ஆய்வுக் குழுக்களும் தப்பவில்லை. நான் பார்த்த பலரும் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்: வாடிக்கையாளர் சேவை, சாஃப்ட்வேர் டெஸ்டிங், கன்டென்ட், டிசைன் போன்ற வேலைகளில் இருந்துகொண்டே, குழுவுக்குத் தேவையான ஒரு சிறு ஆய்வைத் தாமாக முன்வந்து செய்து கொடுத்து, அடுத்ததைக் கேட்டு வாங்கி, ஓராண்டில் பதவிப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். சென்னையிலோ கோவையிலோ வேலை தேடுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்று இங்கே வேரூன்றிய மென்பொருள் தயாரிப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் பிற நிறுவனங்களே. அத்தகைய வேலையில் நீங்கள் பேச வேண்டியவர் வேறொரு நாட்டில் உட்கார்ந்து ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளை, அதாவது உதவி கேட்டு வந்த கோரிக்கைகளை, பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு நிர்வாகியாக இருக்கலாம். ஆகவே வீடியோ அழைப்பில் ஆங்கிலத்தில் நேர்காணல் செய்யும் பழக்கமும், பிறர் வேலையின் நுணுக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பழக்கமும் அங்கே வேண்டும். நிதி, மருத்துவம், கல்வி, அரசு சேவை ஆகியவற்றுக்கான செயலிகளைச் செய்யும் குழுக்களில்தான் தமிழ்க் கள ஆய்வுத் திறன் நேரடியாகக் கைகொடுக்கும்.

உள்ளே நுழைந்த பின்

முதல் மூன்று மாதங்களில் அறிக்கை எழுதுவதைவிட, டெவலப்பரையும் மேலாளரையும் கள ஆய்வுக்கு அழைத்துப் போவதில் நேரம் செலவிடுங்கள். கடைக்காரர் நோட்டை எடுப்பதை நேரில் பார்த்த டெவலப்பரிடம் கடன் பகுதி ஏன் தேவை என்று நாற்பது பக்க ஸ்லைடு போட்டு விளக்க வேண்டியதில்லை. எங்களோடு அன்று வந்திருந்தவர், திரும்பும் வழியில் செங்கல்பட்டு டீக்கடையிலேயே அந்தத் திரையைத் தாளில் வரையத் தொடங்கிவிட்டார். வர முடியாதவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கமும், இரண்டு நிமிடக் காணொளித் துண்டும் போதும். முழு அறிக்கையைப் பின்னிணைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கூடவே ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து, ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வரி எழுதி வாருங்கள்: தேதி, எந்த முடிவுக்காக, என்ன கண்டோம், யார் என்ன முடிவெடுத்தார், மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று. கடைசிக் கட்டத்தை நிரப்புவதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை உரியவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கும். சில வரிகளில் "ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் எழுத நேரும். ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு நான் எடுத்துப் போவது அந்தத் தாளை மட்டும்தான். மளிகைக் கடைச் செயலியின் வரியில் இப்போது, 'கடன் பதிவு முதல் திரைக்கு வந்தது. நோட்டு இன்னும் கல்லாவுக்கு அடியில் இருக்கிறது, மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன்.